‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தால் அடுத்து என்ன எழுதுவது?

‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’ ‘தக்க நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ ‘நிதி ஆதாரம் பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்.’ தமிழ்நாட்டில் மனு கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்த மூன்று வாக்கியங்களும் மனப்பாடம். மூன்றிலும் செய்பவர் யார் என்று இல்லை, எந்தத் தேதிக்குள் என்று இல்லை, இதுவரை என்ன முடிந்தது என்றும் இல்லை. அதனால் யாரும் பொய் சொன்னதாக ஆகாது, யாரும் எதற்கும் கட்டுப்பட்டதாகவும் ஆகாது. ஒரு சாலையோ பட்டாவோ ஓய்வூதியமோ ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்பது இந்த வாக்கியங்களின் மறைவில்தான்.

கோபப்பட்டு இன்னொரு மனு எழுதினால் அதே வாக்கியம் புதிய தேதியுடன் திரும்பி வரும். பலன் தரும் வழி வேறு. அரசு அலுவலகம் கோப்பில் இயங்குகிறது. பரிசீலனை நடப்பது உண்மையானால், யாரோ ஒருவர் ஏதோ ஒரு தேதியில் கோப்பில் ஒரு குறிப்பு எழுதியிருக்க வேண்டும். அனுப்பியது உண்மையானால் அனுப்பிய கடிதத்துக்கு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். அந்தத் தாளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். தாள் இருந்தால் விஷயம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இல்லையென்றால், இல்லை என்பதை ஓர் அலுவலர் கையெழுத்திட்டுத் தர வேண்டியிருக்கும். எது கிடைத்தாலும் அடுத்த அடி எடுத்து வைக்கலாம்.

முதல் மனு

மழுப்பலுக்கு இடம் கொடுப்பது பல நேரம் மனுவேதான். சாலை, குடிநீர், தெருவிளக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், தெருவிளக்கைச் சரிசெய்துவிட்டு ‘மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று முடித்துவிடலாம். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை போதும். இடத்தைத் தெருப் பெயர், சர்வே எண், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்று எழுதுங்கள். ‘உரிய நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று நாமே எழுதினால், அலுவலகமும் அதே சொற்களைத் திருப்பி அனுப்பும். ‘மேற்படி 180 மீட்டர் சாலைக்கு மதிப்பீடு தயாரித்து, அதன் எண்ணையும் தேதியையும் எனக்குத் தெரிவிக்க வேண்டும்’ என்று எழுதினால் அந்த வசதி போய்விடுகிறது.

நேரில் கொடுத்தால் இரண்டாம் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண்ணுடன் ரசீது வரும், அதைப் பத்திரப்படுத்துங்கள். தபாலில் என்றால் டெலிவரிச் சான்று கிடைக்கும் வகையில் அனுப்புங்கள். மனுவின் கடைசி வரியில், பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 21.09.2015 நாளிட்ட அரசாணை எண் 99-ஐக் குறிப்பிடுங்கள். குறைதீர் மனுவுக்கு மூன்று நாட்களில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று சொல்லும் ஆணை அது. அதை எழுதியதாலேயே வேலை நடந்துவிடாது. ஆனால் ஒரு மாதம் கழித்து நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கு அது அடித்தளம்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் இருக்க வேண்டிய தாள்

‘பரிசீலனையில் உள்ளது’: மனு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தபாலில் பதிவாகும், பிரிவு எழுத்தருக்குப் போகும், தனக்கு வரும் தாள்களை அவர் பதிந்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏறும், கோப்பை அடையாளம் காட்டும் ந.க. எண் பெறும். அதன் பிறகுதான் அலுவலர்கள் தங்கள் கருத்தைப் பதியும் குறிப்புக் கோப்பில் எழுதத் தொடங்குவார்கள். ஆகவே கேட்க வேண்டியவை: ந.க. எண், மனு பதிவான தன்பதிவேட்டுப் பக்கத்தின் நகல், குறிப்புக் கோப்பின் எல்லாப் பக்கங்களும், கோப்பு இன்று எந்தப் பதவியில் உள்ளவரிடம் எந்தத் தேதியிலிருந்து உள்ளது என்ற விவரம். இதில் தன்பதிவேட்டுப் பக்கம்தான் அதிகம் பேசும். மனு வந்த தேதிக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே நான்கு மாதம் வெறுமையாக இருந்தால், அந்த நான்கு மாதமும் எந்தப் பரிசீலனையும் நடக்கவில்லை என்பதை அலுவலகத்தின் ஆவணமே காட்டிவிடும்.

‘சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’: அனுப்பிய கடிதத்தின் நகல், அனுப்பிய தேதி, அதற்கு வந்த பதில், பதில் வராவிட்டால் அனுப்பிய நினைவூட்டுகள் ஆகியவற்றைக் கேளுங்கள். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோட்டாட்சியருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் கிராம நிர்வாக அலுவலருக்கு என்று மனு இறங்கும். நீங்கள் புகார் சொன்ன அதே அலுவலரிடமே போய் நின்று, அவர் எழுதும் விளக்கமே மேலே அறிக்கையாக ஏறுவதும் உண்டு. இது நடந்திருக்கிறதா என்பது கடித நகல்களை வரிசையாக அடுக்கினால்தான் தெரியும். நடந்திருந்தால், வேறு அலுவலரைக் கொண்டு விசாரிக்கக் கோரும் அடுத்த மனுவுக்கு அந்த நகலே ஆதாரம்.

‘நிதி பெறப்பட்டவுடன்’: நிதி தானாக வராது, யாராவது கேட்க வேண்டும். பணிக்கு முதலில் மதிப்பீடு, பிறகு மேல் அலுவலகத்துக்குக் கருத்துரு (நிதியும் ஒப்புதலும் கேட்டு எழுதும் முன்மொழிவு), பிறகு நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு என்று படிகள் உண்டு. ‘இந்தப் பணிக்கு நிதி கோரி அனுப்பிய கருத்துருவின் நகல்’ என்று ஒரே வரி கேளுங்கள். கருத்துருவே அனுப்பாமல் நிதிக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தால் அது இங்கே வெளிப்படும். அனுப்பியிருந்தால் அது எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று தெரியும், அடுத்த விண்ணப்பத்தை அங்கே போடலாம். உண்மையிலேயே நிதி இல்லாத இடங்களும் உண்டு. அப்போது அந்த ஆண்டு அதே தலைப்பில் வந்த ஒதுக்கீடும், அதிலிருந்து எடுக்கப்பட்ட பணிகளின் பட்டியலும் கேளுங்கள். எந்தத் தெருவுக்கு முன்னுரிமை போனது என்பது அதில் இருக்கும்.

‘வழக்கு நிலுவையில் உள்ளதால்’: வழக்கு எண், நீதிமன்றம், இடைக்காலத் தடை உள்ளதா, உள்ளதென்றால் அந்த ஆணையின் நகல். வழக்கு இருப்பது வேறு, தடை இருப்பது வேறு. தடை இல்லாத வழக்கு எந்தப் பணியையும் நிறுத்தாது. வழக்கு எண் கிடைத்தால், நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அதன் நிலையை நீங்களே பார்க்கலாம். முடிந்துபோன வழக்கு நிலுவையில் இருப்பதாகக் கடிதத்தில் தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறதா என்பதையும் அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

‘குழு அமைக்கப்பட்டுள்ளது’: பெரிய விஷயங்களில் காலம் கடத்த அதிகம் பயன்படுவது இது. அமைத்த அரசாணை எண், ஆய்வு வரம்பு, கொடுக்கப்பட்ட காலம், ஒவ்வொரு நீட்டிப்பு ஆணையின் நகல், இதுவரை நடந்த கூட்டங்களின் தேதி, இடைக்கால அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். பாபர் மசூதி இடிப்பை விசாரிக்க 1992 டிசம்பரில் அமைக்கப்பட்ட லிபரான் ஆணையத்துக்குக் கொடுத்த காலம் மூன்று மாதம். 48 நீட்டிப்புகளுக்குப் பின் 2009 ஜூனில் அறிக்கை வந்தது. ஜெயலலிதா மரணம் குறித்து 2017 செப்டம்பரில் அமைக்கப்பட்ட ஆறுமுகசாமி ஆணையத்துக்கும் முதலில் மூன்று மாதம்தான். உச்ச நீதிமன்றத் தடையும் இடையில் வந்தது, அறிக்கை 2022 ஆகஸ்டில் கொடுக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் 3(4) பிரிவு, அறிக்கையை எடுத்த நடவடிக்கைக் குறிப்புடன் ஆறு மாதத்துக்குள் அவையில் வைக்கச் சொல்கிறது. ஆனால் இது அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையங்களுக்கு மட்டும். துறை உத்தரவில் அமையும் ‘உயர்மட்டக் குழு’வை அந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. ஆகவே எந்தச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

‘விதிகளுக்கு உட்பட்டு’, ‘விதிகளில் இடமில்லை’ என்று வந்தால் விதி எண்ணையும் அந்தப் பக்கத்தின் நகலையும் கேட்டால் போதும். ‘தேர்தல் நடத்தை விதி’ என்று சொன்னால், களத்தில் ஏற்கெனவே தொடங்கிய பணியை அந்த விதி நிறுத்துவதில்லை என்பதையும், தகவல் தர மறுக்க அது காரணமே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்ணப்பத்தை எழுதும் விதம்

தகவல் கோரும் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய், அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக விண்ணப்பத்திலேயே ஒட்டலாம். மத்திய அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் அஞ்சல் ஆணை, விண்ணப்பம் 500 சொற்களைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் கிடையாது. முகவரியில் அலுவலரின் பெயர் வேண்டாம், ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று பதவியும் அலுவலகமும் போதும்.

அதிகம் பேர் சறுக்குவது ‘ஏன்’ என்ற சொல்லில். ‘ஏன் இன்னும் சாலை போடவில்லை?’ என்று கேட்டால், விளக்கம் தருவது தகவல் ஆகாது என்று மறுத்துவிடலாம். மறுப்புக்கு 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. – ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது துணை நிற்கும். கையில் இல்லாத தகவலை உருவாக்கித் தரவோ புதிதாகக் கருத்துச் சொல்லவோ அலுவலருக்குக் கடமை இல்லை என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் கோப்பில் ஏற்கெனவே எழுதப்பட்ட கருத்தும் அறிவுரையும் 2(எஃப்) பிரிவின்படி தகவல்தான். ஆகவே ‘ஏன்’ என்பதைக் ‘காரணம் பதிவான பக்கம்’ என்று மாற்றிக் கேளுங்கள். உங்கள் உரிமையை நேரடியாகப் பாதிக்கும் முடிவு என்றால் இன்னொரு வழியும் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவின் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 4(1)(டி) பிரிவு. அதை எண்ணோடு எழுதுங்கள்.

சாலை மனுவுக்கான விண்ணப்பம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

‘பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம் (கிராம ஊராட்சி). பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் தகவல் கோருதல். பார்வை: 1) எனது மனு, நாள் …, 2) தங்கள் கடிதம் ந.க. எண் …, நாள் ….

1. பார்வை 1-இல் உள்ள மனு பதிவு செய்யப்பட்ட தன்பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்.
2. அம்மனு மீதான குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு ஆகியவற்றின் எல்லாப் பக்கங்களின் சான்றிட்ட நகல்.
3. பார்வை 2-இல் “பரிசீலனையில் உள்ளது” எனத் தெரிவித்ததற்கு அடிப்படையான குறிப்பின் நகல்.
4. மேற்படி சாலைக்குத் தயாரித்த மதிப்பீடு மற்றும் மேல் அலுவலகத்துக்கு அனுப்பிய கருத்துருவின் நகல்.
5. விண்ணப்பம் கிடைத்த நாளில் கோப்பு எந்தப் பதவியினரிடம், எந்தத் தேதியிலிருந்து உள்ளது என்ற விவரம்.
6. மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கோருகிறேன், பிரிவு 2(ஜே).

கோரிய ஆவணம் ஏதும் அலுவலகத்தில் இல்லையெனில், இல்லை என்பதை வரிசை எண் வாரியாகத் தெரிவிக்கவும்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஆறு கேள்விக்கும் சேர்த்து ஒரே பத்தியில், எதற்கும் பிடிகொடுக்காத பதில் வரும். மூன்றாவது கேள்வியின் வேலையும் நுட்பமானது. கடிதத்தில் கையெழுத்திட்டவர் எதைப் பார்த்து அப்படி எழுதினார் என்பதை அது கேட்கிறது. வெறும் வழக்கத்தில் எழுதிய வாக்கியம் என்றால் காட்ட ஒன்றும் இருக்காது.

ஊழல், அலட்சியம், மெத்தனம் போன்ற சொற்களை விண்ணப்பத்தில் தவிர்த்துவிடுங்கள். எத்தனை நியாயமான கோபமாக இருந்தாலும், அது விண்ணப்பத்தைப் புகாராக வாசிக்க வழி கொடுக்கிறது. ‘இது புகார், தகவல் கோரிக்கை அல்ல’ என்று திருப்பி அனுப்ப அந்த ஒரு சொல் போதும். ‘கடந்த இருபது ஆண்டுகளில் மாவட்டம் முழுவதும்’ என்று அகலமாகக் கேட்பதும் ஆபத்து. அலுவலக வளத்தை அளவுக்கு மீறித் திருப்பும் என்று 7(9) பிரிவைக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு, நீங்கள் கேட்ட வடிவத்தில் தருவதிலிருந்துதான் விலக்கு அளிக்கிறது, தகவலையே மறுக்க அதிகாரம் தரவில்லை. இருந்தாலும் அந்த வாதத்தில் மாதங்களை இழப்பதைவிட, ஒரு நிதியாண்டு, ஓர் ஊராட்சி என்று சுருக்கிக் கேட்பதே மேல்.

கோப்பை நேரில் பார்க்க அனுமதி வந்தால் தவறாமல் போங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பக்க எண் விட்டுப்போயிருக்கிறதா, தேதிகள் முன்பின்னாக உள்ளனவா, ஒரே மையில் ஒரே நாளில் எழுதியதுபோல் பல மாதக் குறிப்புகள் உள்ளனவா என்று பாருங்கள். தேவையான பக்கங்களின் எண்களை எழுதிக்கொடுத்து, பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல் பெறலாம். நூறு பக்கம் கேட்டு வாங்குவதைவிட, பார்த்து ஏழு பக்கம் எடுப்பது செலவும் குறைவு, பயனும் அதிகம்.

தகவல் கேட்டதற்கே மழுப்பல் வந்தால்

வரும். அதற்கும் தயாராக இருங்கள்.

‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பது சட்டத்தில் உள்ள விலக்கு எதிலும் அடங்காது. விலக்குகள் 8, 9 பிரிவுகளில்தான் உள்ளன, காணாமல் போனது அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு காலத்தில் இருந்த ஆவணத்தைக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நகர முடியாது, முறையாகத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரித்துப் பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013 செப்டம்பரில் விஸ்வாஸ் பாம்பூர்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் இதை எடுத்துச் சொல்லி, தேடியதற்கான நடவடிக்கைக் குறிப்பைக் கேளுங்கள். ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்றால், அழித்த ஆவணங்களின் பட்டியலும் அதற்கு அனுமதித்த உத்தரவும் இருக்க வேண்டும்.

‘விசாரணை நடைபெறுவதால் தர இயலாது’ என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டினால், பகத் சிங் வழக்கில் 2007 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவலைத் தந்தால் அது எப்படித் தடைபடும் என்று அலுவலர் காட்ட வேண்டும். ‘நீதிமன்றத்தில் உள்ளது’ என்ற மறுப்புக்கும் 8(1)(பி)-இல் இடம் குறைவு. வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் வெளிப்படையாகத் தடுத்திருக்க வேண்டும், அல்லது வெளியிட்டால் அவமதிப்பாக வேண்டும்.

‘தனிப்பட்ட தகவல்’ என்ற மறுப்பு இப்போது கடினமாகிவிட்டது. பொதுச் செயல்பாட்டுக்கோ பொதுநலனுக்கோ தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் முன்பு மறுக்கலாம். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த நிபந்தனைகளை 8(1)(ஜே)-யிலிருந்து நீக்கியது, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. பொறுப்புக் கேட்கும் குடிமக்களுக்கு இது பெரிய இழப்பு. மிச்சம் இருக்கும் வழி 8(2) பிரிவு. பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்கிறது அது. ஆகவே இனி பொதுநலன் என்ன என்பதை விண்ணப்பத்திலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். பெயருக்குப் பதில் பதவியைக் கேட்டால் இந்த மறுப்பையே பல நேரம் தவிர்த்துவிடலாம். பெயர்களை மறைத்து மீதியைத் தரச் சொல்ல 10-ஆம் பிரிவு இருக்கிறது.

‘வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற பதிலில் தேதியைப் பாருங்கள். 6(3) பிரிவின்படி மாற்றி அனுப்ப ஐந்து நாள்தான் அவகாசம். இருபத்தெட்டாம் நாளில் அனுப்பியிருந்தால் அதையே மேல்முறையீட்டுக் காரணமாக எழுதலாம். முப்பதாம் நாளை ஒட்டிக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடுங்கள், ஏனெனில் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள்வரை முப்பது நாள் கணக்கில் சேராது. காலக்கெடு தாண்டிய பிறகு கட்டணம் கேட்டால் 7(6) பிரிவைச் சொல்லி இலவசமாகக் கேளுங்கள்.

நாள் கணக்கு

நல்ல வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். விண்ணப்பம் அலுவலகத்துக்கு ஜூன் 2 அன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பதிலுக்குக் கடைசி நாள் ஜூலை 2. உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரம். ஜூலை 2 தாண்டியும் பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே சட்டம் கொள்கிறது. அங்கிருந்து 30 நாள், அதாவது ஆகஸ்ட் 1-க்குள், அதே துறையின் மூத்த அலுவலரான மேல்முறையீட்டு அலுவலருக்கு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு. அது ஜூலை 10 அன்று போய்ச் சேர்ந்தால் அவருக்கு ஆகஸ்ட் 9 வரை நேரம், காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் ஆகஸ்ட் 24 வரை. அதன் பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. பாதுகாப்புக்காக ஆகஸ்ட் 9 முதல் எண்ணி, நவம்பர் 7-க்குள் ஆணையத்தில் சேரும்படி அனுப்புங்கள்.

முதல் மேல்முறையீட்டில் கதை வேண்டாம். கேள்வி எண், வந்த பதில், அதில் உள்ள குறை என்று ஒவ்வொன்றாக எழுதினால் போதும். ‘கேள்வி 2: குறிப்புக் கோப்பின் நகல் கோரினேன். “நடவடிக்கையில் உள்ளது” எனப் பதில். இது தகவலும் இல்லை, எந்த விலக்குப் பிரிவும் சுட்டப்படவில்லை. பிரிவு 7(8)-க்கு முரண்.’ மறுத்தால் காரணத்தையும், மேல்முறையீட்டுக்கான கால வரம்பையும், அலுவலரின் விவரத்தையும் தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது என்பதற்கு 19(5) பிரிவு.

ஆணையத்துக்குப் போகும்போது 18-ஆம் பிரிவுப் புகாரா, 19(3) மேல்முறையீடா என்று குழம்பி, புகாரைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. 18-இன் கீழ் ஆணையம் தகவல் தரச் சொல்லி உத்தரவிட முடியாது, அதற்கு 19-தான் வழி என்று மணிப்பூர் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தாள் வேண்டும் என்றால் 19(3). அதே மனுவில், 20(1)-இன் கீழ் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதமும், இழப்பு ஏற்பட்டிருந்தால் 19(8)(பி)-இன் கீழ் ஈடும் கோரலாம். விசாரணைக்கு அழைப்பு வர நீண்ட காலம் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல், கிடைத்த பதிலில் புதிதாகத் தெரிந்த ஒரு கடித எண்ணை வைத்து அடுத்த அலுவலகத்தில் புதிய, குறுகிய விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருங்கள். விசாரணைக்கு முந்தைய நாள் தகவலைத் தந்துவிட்டு, ‘கொடுத்துவிட்டோம்’ என்று முடிக்கப் பார்ப்பதும் நடக்கும். வந்த தாள்களைக் கேள்வி எண்ணோடு ஒப்பிடாமல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ‘கேள்வி 1, 4-க்கு மட்டும் பெற்றேன், 2, 3, 5, 6 நிலுவை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வாய்ச்சொல்லில் நழுவினால்

கிராம சபையில் ‘ஆவன செய்யப்படும்’ என்றால் கைத்தட்டல் கிடைக்கும், கூட்டம் கலையும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடக்கின்றன. சொன்னதைத் தீர்மானமாக எழுதவைப்பது ஒன்றே வேலை. என்ன பணி, யார் பொறுப்பு, எந்தத் தேதி என்று மூன்றும் கொண்ட தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோங்கள், பதிவேட்டில் ஏறிய பிறகு படித்துக்காட்டச் சொல்லுங்கள், அதன்பின் கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடும் வழக்கம் இருந்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய தீர்மானத்தின் மீதான நடவடிக்கை அறிக்கையை முதல் பொருளாகக் கேட்கலாம்.

செய்தியாளர்களும் இதே மூன்றைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே கேள்விக்குள் மூன்று கேள்வி வைத்தால், எளிதானதற்கு மட்டும் பதில் வரும். ‘கோப்பில் கையெழுத்து ஆகிவிட்டதா, இல்லையா?’ என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். ‘விரைவில்’ என்றால், ‘இந்த நிதியாண்டுக்குள் என்று எழுதிக்கொள்ளலாமா?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், தேதி சொல்லவில்லை என்பதையே செய்தியில் எழுதுங்கள்.

அவையில் சொன்ன ‘பரிசீலிக்கிறோம்’

அமைச்சர் அவையில் சொல்லும் மழுப்பலுக்கு மட்டும் அரிதாக ஒரு கடிவாளம் உண்டு. மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் அரசு உறுதிமொழிக் குழு செயல்படுகிறது. எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்று பட்டியலே இருக்கிறது. ‘விஷயம் பரிசீலனையில் உள்ளது’, ‘விசாரித்து உறுப்பினருக்குத் தெரிவிக்கிறேன்’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ போன்றவை அதில் அடங்கும். அப்படிச் சொல்லிவிட்டால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி, அறிக்கையை அவையில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் குழுவிடம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு, அது மாவட்டங்களுக்கு நேரில் வந்து நிலுவையில் உள்ள உறுதிமொழிகளை ஆய்வு செய்கிறது.

உங்கள் பிரச்சினை பற்றி அவையில் யாராவது பேசியிருந்தால், முதலில் அமைச்சரின் பதிலை அவைக் குறிப்பிலிருந்து தேதியோடு எடுங்கள். அது உறுதிமொழியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அவைச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். பதிவாகியிருந்தால் குழு மாவட்டத்துக்கு வரும் தேதியைக் கேட்டறிந்து, மனு, பதில் கடிதம், தன்பதிவேட்டுப் பக்கம் மூன்றையும் சேர்த்துக் குழுத் தலைவருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். யாரும் பேசவில்லையென்றால் இதே மூன்று தாளையும் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொடுத்து, கேட்க வேண்டிய கேள்வியையும் ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள்: ‘இன்ன ஊராட்சியின் இன்ன சாலைக்கான கருத்துரு எந்தத் தேதியில் பெறப்பட்டது, எந்த நிலையில் உள்ளது?’